கடல் காணாத் துறைமுகம்: நைற்கரை நகராகிய கொப்தோஸ்

எகிப்து நாட்டின் பழமையைக் காணச் செல்வோர் பிரமிட்டுகளைக் கண்டபின் தென்றிசை நோக்கித் தீபை நகரின் பெருந்தூண்களைக் காண விரைவர். அவ்வாறு செல்லும் புகைவண்டி, இக்காலத்து லக்சர் நகருக்கு வடக்கே ஏறக்குறைய 25 மைல் தொலைவிலுள்ள கிப்த் என்னும் ஊரைக் கடந்து செல்லும். இறங்கிப் பார்ப்போர் மிகச் சிலரே. இறங்கினும் அங்குக் காண்பன அதிகமல்ல. அடித்தளமாய் எஞ்சிய கோயில்கள், உடைந்த மதில், வீடுகளுக்கிடையே மண்மேடுகள் என்பனவே எஞ்சியுள்ளன. ஆயினும் கிரேக்கரும் உரோமரும் கொப்தோஸ் என வழங்கிய இந்நகர், மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எகிப்தின் கீழ்த்திசை வாயிலாக நின்றது. சேர நாட்டு மிளகு உரோமாபுரியின் அடுக்களையை அடைவதற்கு முன் இந்நகரின் பண்டசாலைகளில் முத்திரையிடப்பட்டுக் கிடந்தது. முசிறியைப் பற்றித் தமிழர் அறிவர். அலெக்சாந்திரியாவைப் பற்றி உலகறியும். அவ்விரண்டிற்கும் இடையே நின்ற இந்நகரைப் பற்றிப் பேசுவோர் அரியர்.

கொப்தோசின் சிறப்பு முழுவதும் நைல் நதியின் ஒரு வளைவிலே தங்கியுள்ளது. தெற்கிருந்து வடக்கே ஓடும் அந்நதி, கேனா என்னுமிடத்தை அணுகுங்கால் கிழக்கே திரும்பிச் செங்கடலை நோக்கி நெருங்கிப் பின்னர் மேற்கே மடங்கும். மேல் எகிப்தில் ஆறும் கடலும் மிக அணுகி நிற்கும் இடம் இவ்வளைவேயாம். இடையிலுள்ள நிலமோ நீரற்ற மலைப்பாலை. எனினும் வாடி ஹம்மாமாத் எனப்படும் வறண்ட பள்ளத்தாக்கு அம்மலைகளை ஊடறுத்து இயற்கையாகவே ஒரு பெருவழியை அமைத்துள்ளது. அவ்வழி ஆற்றுச் சமவெளியிற் புகும் வாயிலிலேயே கொப்தோஸ் எழுந்தது. ஆற்றிற் படகேறுவோரும் பாலைக்கு ஒட்டகமேறுவோரும் சந்திக்கும் இடமாதலின், இந்நகர் கடலை ஒருநாளும் காணாமலே கடற்றுறையின் தொழிலைச் செய்தது.

பண்டை எகிப்தியர் இதனைக் கெப்து என்றனர். கிரேக்கர் கொப்தோஸ் என்றனர்; அராபியர் கிப்த் என்றனர். ஐயாயிரம் ஆண்டுகளில் மொழிகள் மூன்று மாறியும் பெயர் மாறாமை வியக்கற்பாலது. எகிப்தியக் கிறித்தவரைக் குறிக்கும் கொப்தர் என்னும் பெயர் இவ்வூரின் பெயரிலிருந்தே பிறந்தது எனச் சிலர் கூறுவர். ஒலியொப்புமையால் எழுந்த மயக்கம் அது. அப்பெயர் எகிப்து என்பதன் கிரேக்க வடிவம் அராபியர் நாவில் திரிந்ததனால் வந்தது. புளூட்டாக் என்னும் கிரேக்க ஆசிரியர் வேறொரு கதை சொல்வார். ஐசிஸ் தேவி தன் கணவன் ஒசிரிஸ் இறந்த செய்தியைக் கேட்டுத் தன் கூந்தலில் ஒரு கற்றையை அரிந்தது இவ்விடத்திலேயே என்றும், கிரேக்க மொழியில் அரிதலைக் குறிக்கும் சொல்லால் ஊர் பெயர் பெற்றது என்றும் அவர் எழுதியுள்ளார். எகிப்தியச் சொல்லுக்குக் கிரேக்க வேர் தேடும் இம்முயற்சியை வரலாறு ஏற்காது. எனினும் கிரேக்கர் காலத்தில் ஐசிஸ் வழிபாடு இந்நகரில் எத்துணை வேரூன்றியிருந்தது என்பதற்கு அது சான்று.

நகரின் பழந்தெய்வம் மின். விளைவுக்கும் பெருக்கத்துக்கும் உரிய தெய்வமாகிய மின், கீழைப் பாலைக்கும் அதன் வழிகளுக்கும் காவலனாகவும் போற்றப்பட்டான். 1893–94ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் பிளின்டேர்ஸ் பீற்றி என்னும் ஆங்கில அறிஞர் மின் கோயிலின் அடித்தளத்தை அகழ்ந்தபொழுது, உடைந்த பேருருவச் சிலைகள் மூன்றின் பகுதிகள் வெளிப்பட்டன. முழுமையாய் நின்ற காலத்தில் அவை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 13 அடி உயரமுடையனவாய் இருந்திருத்தல் வேண்டும். அரச மரபுகள் தொடங்குதற்கு முன்னரே, கி.மு. 3300ஐ ஒட்டிய காலத்தில் அவை செதுக்கப்பட்டன என்பர். பிரித்தானிய நூதனசாலை அவற்றை ஏற்க மறுத்தமையால், இரண்டு ஒக்ஸ்போட் நகரின் அஷ்மோலியன் நூதனசாலையைச் சென்றடைந்தன. அச்சிலைகளின் உடம்பிற் பொறிக்கப்பட்ட குறிகளே ஈண்டு நோக்கத்தக்கன. யானை, காளை முதலிய விலங்குகளோடு, செங்கடலிற் கிடைக்கும் முட்சங்கின் வடிவமும் வாள்மீனின் அலகும் அவற்றிற் காணப்படுகின்றன. ஆற்றங்கரைத் தெய்வத்தின் மேனியில் கடற்சங்கு பொறித்த கை, கடல்வரை சென்று மீண்ட மக்களின் கையாகவே இருத்தல் வேண்டும். எழுத்துத் தோன்றும் முன்னரே இந்நகரின் தொழில் இன்னது என்பதை அக்கல் சொல்லிவிட்டது.

எழுத்துச் சான்றுகள் பின்னரே வருகின்றன. கி.மு. 2000ஐ ஒட்டி மூன்றாம் மெந்துகோத்தெப் மன்னன் ஆட்சியில் ஹெனு என்னும் அதிகாரி 3,000 பேருடன் கொப்தோசிலிருந்து புறப்பட்டுச் செங்கடலை அடைந்து, நறும்புகைப் பிசின் விளையும் புந்து நாட்டிற்குக் கப்பல் விடுத்தான். ஒவ்வொருவனுக்கும் ஒரு தோற்றுருத்தி, ஒரு காவுதடி, இரண்டு சாடி நீர், இருபது அப்பம் கொடுக்கப்பட்டன என ஹம்மாமாத் பாறையில் அவனே பொறித்து வைத்துள்ளான். வழியிற் கிணறுகளும் தோண்டினான். போர் வெற்றியைக் காட்டிலும் அப்பக் கணக்கைப் பாறையில் எழுதுதல் தகுமென அவனுக்குத் தோன்றியது. பாலைவழியின் இயல்பை அறிந்தவன் அவன்.

அவனுக்குச் சில தலைமுறைக்குப் பின், முதலாம் செனுஸ்ரெத் மன்னன் காலத்தில் நிகழ்ந்தது இன்னும் வியப்புக்குரியது. செங்கடற் கரையில் வாடி கவாசிஸ் என்னுமிடத்தில் 1976இல் எகிப்திய ஆய்வாளர் அப்தெல் மொனெம் சையித் கண்டெடுத்த கல்லொன்று, அந்தெபொக்கெர் என்னும் முதலமைச்சன் அரசனாணைப்படி கொப்தோசின் கப்பற்கட்டும் துறையில் மரக்கலங்களைக் கட்டுவித்தான் எனக் கூறுகிறது. ஆற்றங்கரையில் கட்டப்பட்ட கலங்கள் பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு, ஆட்களாலும் கழுதைகளாலும் பாலை வழியே சுமக்கப்பட்டு, கடற்கரையில் மீண்டும் பொருத்தப்பட்டன. கீழைப் பாலையில் கப்பலுக்காகும் மரமின்மையே இதற்குக் காரணம். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்விடத்தை அகழ்ந்தவர்கள், கப்பற் பலகைகளையும், குகைகளுள் நேற்றுச் சுருட்டி வைத்தாற்போலக் கிடந்த கயிற்றுச் சுருள்களையும் கண்டனர்.

ஹம்மாமாத் வழி கடலுக்கு மட்டும் செல்வதன்று. கரும்பச்சை நிறக் கல்லும் பொன்னும் அங்கே கிடைத்தன. கி.மு. 12ஆம் நூற்றாண்டில் நான்காம் இராமெசேஸ் மன்னன் 8,000 பேருக்கு மேற்பட்ட பெருங்கூட்டத்தை அங்குக் கல்லுடைக்க விடுத்தான். மாண்டவர் 900 பேர் என அவன் கல்வெட்டே ஒப்புக்கொள்கிறது. அக்காலத்திலேயே வரையப்பட்டதும் இப்பொழுது இத்தாலியின் தூரின் நகரில் உள்ளதுமான பாப்பிரசு வரைபடமொன்று, பொன்மலையையும் கன்மலையையும் வெவ்வேறு நிறந்தீட்டிக் காட்டும். நிலவியல் வரைபடங்களுள் உலகில் மிகப் பழையது இதுவே என்பர். அரசர் பெற்றது சிலையும் பொன்னும். கொப்தோஸ் பெற்றது சுமைகூலியும், திரும்பி வராதோரின் நினைவும்.

கிரேக்க மரபினரான தொலமியர் ஆட்சியில் இப்பெருவழி புதுவாழ்வு பெற்றது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் இரண்டாம் தொலமி செங்கடற் கரையில் பெரெனிக்கே என்னும் துறைமுகத்தை நிறுவித் தன் தாயின் பெயரை அதற்கிட்டான். வடக்கே மியோஸ் ஹொர்மோஸ் என்னும் துறை எழுந்தது. இரு துறைகளினின்றும் வந்த பாதைகள் கொப்தோசிலே கூடின. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிரேக்க மாலுமிகள் பருவக்காற்றின் துணைகொண்டு நடுக்கடலூடே இந்தியாவை அடையக் கற்றனர். கி.மு. 30இல் எகிப்து உரோமர் வசமாயிற்று. சில ஆண்டுகளுக்குப் பின் அந்நாட்டைச் சுற்றிப் பார்த்த ஸ்திராபோ என்னும் புவியியல் ஆசிரியர், மியோஸ் ஹொர்மோசிலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குச் செல்வதாக எழுதினார். இந்தியப் பண்டங்களும் அராபியப் பண்டங்களும் ஒட்டகமேறிவந்து சேரும் பெருஞ்சந்தை கொப்தோஸ் என்றும், அது நைல் நதியின் கால்வாயொன்றின் கரையில் உள்ளது என்றும், எகிப்தியரும் அராபியரும் அதில் ஒருங்கே வாழ்கின்றனர் என்றும் அவர் குறித்துள்ளார். முற்காலத்தில் வணிகர் கடலோடிகளைப்போல விண்மீன்களைக் கண்டே இரவில் வழிசென்றனர் என்றும், தம் காலத்தில் நீர்நிலைகள் அமைக்கப்பட்டுவிட்டன என்றும் அவர் கூறுவர்.

பிளினி என்னும் உரோமர் பயணத்தின் நாட்கணக்கையே தருகிறார். அலெக்சாந்திரியாவிலிருந்து வடகாற்றைப் பாயில் ஏந்தி ஆற்றை எதிர்த்துக் கொப்தோசை அடைய 12 நாள். அங்கிருந்து பெரெனிக்கேவுக்கு 257 உரோம மைல். வெப்பத்திற்கு அஞ்சிப் பெரும்பாலும் இரவில் நடப்பதால் அதற்கும் 12 நாள். கோடை நடுவிற் கப்பலேறினால் அராபியாவின் ஒக்கெலிசுக்கு 30 நாள்; அங்கிருந்து முசிறிக்கு 40 நாள். ஆக, இடைத்தங்கல்களை நீக்கி 94 நாட்பயணம். அந்நாட்களில் கடலில் கழிவன 70. எஞ்சிய 24 நாளும் கொப்தோசைச் சார்ந்தவை. இந்தியப் பண்டங்களுக்காக உரோமப் பேரரசு ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்தர்ச்சிக் காசை இழக்கின்றதென வருந்தியவரும் இப்பிளினியே. அகநானூற்றின் 149ஆம் பாட்டு, யவனர் கலங்கள் முசிறியிற் பொன்னைக் கொடுத்து மிளகைக் கொண்டு செல்வதைப் பாடும். ஒரே வாணிகத்தை ஒரு கரையிலிருந்து பெருமையோடும் மறுகரையிலிருந்து பெருமூச்சோடும் பார்த்த இரு சான்றுகள் இவை.

ஆனால் பெருமையும் பெருமூச்சும் வாணிகம் நடந்தவாற்றைக் காட்டா. அதனைக் காட்டுவன கொப்தோசில் அகப்பட்ட எளிய எழுத்துக்களே. அவற்றுள் தலையாயது பீற்றி கண்டெடுத்த சுங்கக் கல்வெட்டு. டொமிஷியன் பேரரசனின் ஒன்பதாம் ஆட்சியாண்டில், கி.பி. 90இல், மெத்தியஸ் ரூபஸ் என்னும் எகிப்திய ஆளுநரின் ஆணைப்படி அது நிறுத்தப்பட்டது. பாலைவழியிற் செல்வோரிடம் குத்தகைகாரர் அறவிடத்தக்க தொகை இன்னது என வரையறுப்பதே அதன் நோக்கம். வரையறுக்க வேண்டியதாயிற்று எனின், அதற்கு முன் அளவின்றி அறவிட்டனர் என்பது வெளிப்படை.

அப்பட்டியலின்படி செங்கடற் கப்பலின் மீகாமன் கொடுப்பது 8 திரக்மா, முன்னணியத்து நிற்போன் 10, மாலுமி 5, கைவினைஞன் 8. படைவீரரின் பெண்டிர்க்கு 20 திரக்மா. பரத்தையர்க்கோ 108 திரக்மா! ஒட்டகச் சீட்டுக்கு ஓர் ஒபொல். அச்சீட்டில் முத்திரையிட இரண்டு ஒபொல். கழுதைக்கு இரண்டு ஒபொல், மூடுவண்டிக்கு 4 திரக்மா, பாய்மரத்துக்கு 20, அதன் குறுக்குமரத்துக்கு 4. பாலைக்குச் சென்று மீளும் பிணச்சடங்குக்கு 1 திரக்மா 4 ஒபொல். இறந்தவனையும் சுங்கம் விட்டபாடில்லை. மிளகு, தந்தம், முத்து, துகில் என்னும் சொற்களில் ஒன்றேனும் இப்பட்டியலில் இல்லாமை கருதற்பாலது. பண்டங்களின் வரி வேறிடத்தில் வேறு முறையில் அறவிடப்பட்டது. இக்கல் பேசுவது மனிதரைப் பற்றியும் அவர்தம் ஊர்திகளைப் பற்றியுமே. பாய்மரத்துக்குத் தனியே கட்டணம் விதிக்கப்பட்டமையையும் நோக்குக. அந்தெபொக்கெர் காலத்திற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் கடற்கப்பலுக்கு வேண்டிய மரம் கொப்தோசிலிருந்தே பாலையூடே சென்றுகொண்டிருந்தது.

பீற்றி கண்ட மற்றொரு கல்வெட்டு, அதே மன்னன் காலத்தில் படைவீரர் கொப்தோசில் ஒரு பாலத்தைப் புதுப்பித்தமையைக் கூறும். டொமிஷியன் கொலையுண்டபின் அவன் பெயர் அதினின்றும் செதுக்கி நீக்கப்பட்டது. உரோம அரசியலின் சீற்றம் நைற்கரையின் சிறு பாலம்வரை எட்டியது.

ஓலையோ பாப்பிரசோ வாங்க விரும்பாதோர் உடைந்த மட்பாண்ட ஓடுகளிலே மையால் எழுதுதல் எகிப்திய வழக்கம். அவ்வாறு எழுதிய பற்றுச்சீட்டுகள் கொப்தோசிற் கிடைத்தன. கி.பி. முதலாம் நூற்றாண்டில் நிக்கானோர் என்பவனும் அவன் உறவினரும் நடாத்திய போக்குவரத்துத் தொழிலின் கணக்குகள் அவை. கொப்தோசிலிருந்து கோதுமை முதலிய தேவைகளைப் பெரெனிக்கேவுக்கும் மியோஸ் ஹொர்மோசுக்கும் ஒட்டகங்களிற் கொண்டு சென்று, அங்கிருந்த வணிகரின் முகவரிடம் ஒப்படைத்துச் சீட்டுப் பெறுவது அவர் தொழில். அவ்வணிகருள் ஒருவன் மார்க்கஸ் யூலியஸ் அலெக்சாந்தர். அலெக்சாந்திரியாவின் பெருஞ் செல்வக் குடும்பத்தவனாகிய அவன், பைலோ என்னும் யூத மெய்யியலாளரின் உடன்பிறந்தான் மகன். இத்தகைய செல்வரின் கப்பல்களும் கொப்தோசின் ஒட்டகக்காரனை நம்பியே நின்றன. சோறும் நீரும் விளையாத கடற்கரையில் துறைமுகம் வாழ்ந்தது, ஆற்றங்கரை நகர் ஊட்டியதனாலேயாம்.

பாலைவழியின் காவலரண்களில் 1990களில் பிரெஞ்சு ஆய்வாளர் ஆயிரக்கணக்கான எழுத்தோடுகளைக் கண்டனர். படைவீரர் ஒருவர்க்கொருவர் எழுதிய மடல்கள் அவை. கீரை அனுப்புக என்பதும், அனுப்பிய காய்கறி வந்து சேர்ந்ததா என்பதும் அவற்றிற் பெரிதும் பேசப்படும் பொருள். இடையிடையே கி.பி. 118இல் பாலைக்குடிகள் ஓர் அரணைத் தாக்கிய செய்தியும் வருகின்றது.

இனி வியன்னா நகரிலுள்ள பாப்பிரசு ஒன்றைக் குறிப்பிடல் வேண்டும். கி.பி. 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சார்ந்த அது 1985இல் வெளியிடப்பட்டது. முசிறிப் பயணத்தின்பொருட்டுப் பெற்ற கடனைப் பற்றிய உடன்படிக்கையொன்று அதன் ஒரு பக்கத்தில் உள்ளது. கடன் பெற்றவன் செங்கடற்றுறையில் இறங்கிய சரக்கை நம்பிக்கைக்குரிய ஒட்டகக்காரனிடம் ஒப்புவித்து, காவலுடன் பாலையைக் கடப்பித்து, கொப்தோசிலுள்ள அரசாங்க வரிப் பண்டசாலையிற் சேர்த்து, கடன் கொடுத்தோனின் முத்திரையின்கீழ் வைத்து, பின்னர் ஆற்றுப்படகேற்றி அலெக்சாந்திரியாவுக்கு அனுப்புவதாக உறுதியளிக்கிறான். மறுபக்கத்தில் ஹெர்மாபொல்லோன் என்னும் கப்பல் கொணர்ந்த சரக்கின் மதிப்பு எழுதப்பட்டுள்ளது. கங்கைக்கரை நறுமணச் சடாமாஞ்சிலும் யானைத் தந்தமும் அதில் அடங்கும். பண்டத்தில் நாலிலொன்று அரசிறைக்கு உரியது. சரக்கின் மொத்த மதிப்பு ஏறக்குறைய 70 இலட்சம் செஸ்தர்ச்சி என ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். அக்காலத்து உரோமக் காலாட்படை வீரனின் ஆண்டூதியம் 1,200 செஸ்தர்ச்சி. அஃதாவது, ஒரு முழுப் படையணிக்கு ஓராண்டு ஊதியமாகக் கொடுக்கத்தக்க செல்வம் ஒரே கப்பலில் வந்து, கொப்தோசின் பண்டசாலையிற் பூட்டிக் கிடந்தது. கடன் கொடுத்தோன் பண்டத்திற்கு முத்திரை கேட்டதில் வியப்பில்லை.

இவ்வாணிகத்தில் தமிழர் பங்கு யாது என்னும் வினா இங்கு எழுவது இயல்பே. விடை கூறுங்கால் நிதானம் வேண்டும். மியோஸ் ஹொர்மோஸ் இருந்த குசேர் அல்-காதிமில், கணன், சாதன் என்னும் பெயர்கள் தமிழ்ப்பிராமி எழுத்திற் பொறித்த ஓடுகள் 1978 முதல் நிகழ்ந்த அகழ்வில் கிடைத்தன. பிற்றை அகழ்வில் அகப்பட்ட சாடியோடொன்றில் ‘பானை ஒறி’ என்னும் சொற்களை ஐராவதம் மகாதேவன் படித்தார். ஒறி என்பது பானையைத் தொங்கவிடும் உறியே என்பது அவர் கருத்து. பெரெனிக்கேயில் 1995இல் கிடைத்த ஓடொன்று கொற்றன் என்னும் பெயர்ப்பகுதியை உடையது. அத்துறையின் கோயில் முற்றமொன்றில் புதைந்திருந்த இந்தியச் சாடியுள் 7.55 கிலோகிராம் மிளகு இருந்தது. பழைய கப்பல்களினின்று பெயர்த்தெடுத்த தேக்குமரங்கள் அங்குக் கட்டடங்களுக்குப் பயன்பட்டுள்ளன.

இவற்றைக்கொண்டு எகிப்திலே தமிழ்க் குடியேற்றம் நிலவியது எனவும், தமிழர் கப்பற்படை செங்கடலை ஆண்டது எனவும் மேடைகளில் முழங்குவோர் உளர். சான்று அத்துணை தூரம் செல்லவில்லை. சென்றவர் சிலர், அவர் தம் பெயரைச் சாடியிற் கீறினர், தம் பானைக்கு உறி கட்டினர். கொப்தோஸ்வரை வந்தனரா, துறையிலேயே பருவக்காற்றுக்குக் காத்திருந்து மீண்டனரா என்பதை அவ்வோடுகள் கூறவில்லை. எனினும் மற்றோர் ஓரத்தில் நின்று, இந்திய மிளகை இந்தியா சென்ற கிரேக்கரே வாரிவந்தனர், இந்நாட்டார் கரையிலிருந்து விற்றதன்றி வேறொன்றும் செய்திலர் எனக் கொள்வதையும் அதே ஓடுகள் மறுத்துவிடுகின்றன. பேரரசனைப் புகழும் கல்வெட்டு ஒன்றைக் காட்டிலும், சமையலுக்குரிய பானையின் மேல் உரியவன் எழுதிய இரு சொற்கள் அவன் அங்கு உண்டு உறங்கினான் என்பதை ஐயமறக் காட்டும். மிகைபடக் கூறுதல் அச்சிறு சான்றின் பெறுமதியைக் குறைப்பதன்றி உயர்த்துவதில்லை.

கொப்தோசிலே பல நாட்டார் கூடியதற்கு ஐயமில்லை. சீரியாவின் பல்மீரா நகரத்தைச் சார்ந்த செங்கடற் கப்பலுடையார் அங்கு ஒரு சங்கமாக இயங்கினர் என்பதைக் கல்வெட்டுகள் காட்டும். அந்நாட்டு வில்வீரரும் அங்குக் காவலிருந்தனர். ஆயினும் வழியால் வாழும் நகர் வழியாலேயே துன்புறும். கி.பி. 3ஆம் நூற்றாண்டில் உரோமப் பேரரசு தளர்ந்தபொழுது பாலைக்குடிகளான பிளெம்மியர் கொப்தோசைக் கைப்பற்றினர். பின்னர், 293–294ஐ ஒட்டி எழுந்த கிளர்ச்சியொன்றை அடக்கிய தியோக்கிளேஷியன் ஆட்சியினர் நகரை அழித்தனர். அழிவு முற்றாக இருந்திலது. கிறித்தவ நகராய் அது மீண்டும் எழுந்தது. பழங் கோயிற் கற்களைக் கொண்டு திருமுழுக்கு மண்டபம் கட்டப்பட்டது. 632இல் மறைந்த பிசெந்தியஸ் என்னும் இந்நகர் ஆயரைச் சார்ந்த கொப்திய மொழி மடல்கள் எஞ்சியுள்ளன. பாரசீகர் படையெடுத்தபோது அவர் தீபைப் பகுதியிற் சென்று மறைந்திருந்தார்.

இசுலாமியர் ஆட்சியிலும் ஆற்றின் வளைவு மாறவில்லை. மாறியது வாயிலின் பெயரே. சில மைல் தெற்கேயுள்ள கூஸ் நகர், பாத்திமியர் காலமுதல் கொப்தோசின் தொழிலைத் தனதாக்கிக்கொண்டது. 1183இல் அவ்வழியே மக்காவுக்குச் சென்ற இபின் ஜுபைர் என்னும் அந்தலூசிய யாத்திரிகர், ஐதாப் துறையிலிருந்து வந்த இந்தியச் சரக்கு ஒட்டகங்களை எண்ண முயன்று முடியாது கைவிட்டதாக எழுதியுள்ளார். அவற்றுட் பெரும்பகுதி மிளகு. ஒட்டகம் தளர்ந்தமையால் வழியோரத்தில் விடப்பட்ட பொதிகளை எவரும் தொடாது சென்றனர் என்பதையும் வியந்து குறித்துள்ளார்.

கிப்த் அக்காலத்திலும் அறிஞர் ஒருவரை ஈன்றது. 1172இல் அங்குப் பிறந்த இபின் அல்-கிப்தி, சீரியாவின் அலெப்போ நகரில் அமைச்சராயிருந்து, கிரேக்க அராபிய மெய்யியலாளரதும் மருத்துவரதும் வரலாறுகளைத் தொகுத்தார். நூல்மேற் பெருங்காதலுடைய அவரே, அலெக்சாந்திரிய நூலகத்து ஏடுகள் கலீபா உமரின் கட்டளையால் எரியூட்டப்பட்டன என்னும் ஐயத்துக்குரிய கதையைப் பரப்பியவருள் ஒருவராயிருந்தமை விந்தையே. அவர் வாழ்நாள் அலெப்போவிற் கழிந்தது. ஊர்ப்பெயர் மட்டும் அவருடன் சென்றது.

1498இல் போர்த்துக்கேயர் ஆபிரிக்காவைச் சுற்றிவந்து கள்ளிக்கோட்டையில் இறங்கிய பின்னர் பாலைவழியின் வாணிகம் படிப்படியே மெலிந்தது. கிப்த் உழவர் வாழும் ஊராயிற்று.

அந்நிலையிலேதான் பீற்றி அங்கு வந்தார். தாம் அதுகாறும் பழகிய தொழிலாளருள் கிப்த் மக்களே பெருந்தொல்லை தந்தவர் என அவர் குறைகூறி எழுதியுள்ளார். எனினும் அவருட் சிலரைத் தேர்ந்து பயிற்றினார். மண்ணின் நிறமாற்றத்தைக் கண்டு சுவரையும் குழியையும் பிரித்தறிதல், உடைந்த பாண்டத்தைச் சிதையாது எடுத்தல், கண்டதைக் கண்ட இடத்திலேயே குறித்தல் என்பன அவர் கற்ற கலை. அவர்தம் மக்களும் பேரரும் அதனையே குலத்தொழிலாக்கிக்கொண்டனர். அமெரிக்கப் பேராசிரியர் றைஸ்னர் கீசாப் பிரமிட்டுகளின் அருகிலும் நூபியாவிலும் நடாத்திய அகழ்வுகளை முன்னின்று நிகழ்த்திய மேற்பார்வையாளர் கிப்த் ஊரினரே. அவ்வகழ்வுகளின் ஒளிப்படங்களிற் பெருந்தொகையை எடுத்தவரும் அவர்களே. காலப்போக்கில் எகிப்திய அகழ்வாய்வில் ‘கிப்தி’ என்னும் சொல் ஓர் ஊரானைக் குறிப்பதை விட்டுத் தேர்ந்த அகழ்வாளனைக் குறிப்பதாயிற்று. அவர் கையால் வெளிப்பட்ட சிலைகள் பொஸ்ரன், இலண்டன், கெய்ரோ நகர்களின் நூதனசாலைகளில் நிற்கின்றன. அவற்றின்கீழ் எழுதப்பட்டிருப்பன பெரும்பாலும் மேனாட்டுப் பேராசிரியரின் பெயர்களே.

கிப்த் மேற்பார்வையாளர் நாடோறும் கண்டவற்றை அராபு மொழியில் நாட்குறிப்பாக எழுதிவந்தனர். றைஸ்னரின் ஆங்கிலக் குறிப்புகளோடு ஒப்புநோக்கத்தக்க அவ்வேடுகள் நெடுங்காலம் பயிலுவாரின்றிக் கிடந்தன. அவற்றைப் படித்து மொழிபெயர்க்கும் பணி இந்நூற்றாண்டிலேயே தொடங்கியது.